றமழானும் ராஜினாமாவும்: எழுத்துப்பிழை காட்டும் தாய்மொழி

ஒரே மாதத்தை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். றமழான், ரமழான், ரமளான், ரமலான், ரம்ஜான், ரமதான். நோன்பு நெருங்கும்போதெல்லாம் இதில் எது சரி என்ற வாதம் கிளம்பும். பள்ளி அறிவித்தலில் ஒன்று, பத்திரிகை வாழ்த்தில் இன்னொன்று, கல்யாணக் காட்டில் வேறொன்று. அறபு படித்தவர்கள் ஒரு பக்கம், தமிழ் படித்தவர்கள் மறுபக்கம் நின்று மற்றவரின் எழுத்தைப் 'பிழை' என்கிறார்கள். அண்மைக் காலத்தில் நம் எழுத்தாளர்கள் சிலர் 'ழகரம் போட்டது நம் முன்னோரின் அறியாமை, அதைத் துடைத்தெறிய வேண்டும்' என்று எழுதவும் தொடங்கியிருக்கிறார்கள்.

என் கட்சி வேறு. இந்த வடிவங்கள் எந்த வாய் வழியாக, எந்தக் காது வழியாக நம்மிடம் வந்தன என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் திருத்தத் தொடங்கினால் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே அனுப்பிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

இரண்டாம் மொழியில் எழுதுகிறவரின் பிழை குருட்டுவாக்கில் விழுவதில்லை. அமெரிக்க மொழியியலாளர் ரொபர்ட் லாடோ 1957 இல் எழுதிய நூலில், கற்கும் மொழியையும் தாய்மொழியையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் மாணவன் எங்கே இடறுவான் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார். பத்து வருடம் கழித்து, 1967 இல், பிற் கோடர் வாதத்தை மறுபக்கம் திருப்பினார். பிழை என்பது கழிவல்ல, மாணவனுடைய மனத்தில் அப்போது ஓடுகிற இலக்கணத்தை ஆசிரியருக்குக் காட்டும் தடயம் என்றார். வாய் தடுமாறி ஒருமுறை விழும் வழுவை ஒதுக்கிவிட்டு, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும் பிழையைப் பார் என்பதே அவர் சொன்னதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகள், லாடோ சொன்ன அளவுக்கு எல்லாப் பிழையும் தாய்மொழியில் இருந்து வருவதில்லை என்று காட்டிவிட்டன. ஆனாலும் ஒலியும் எழுத்தும் சந்திக்கிற இடத்தில் தாய்மொழியின் பிடி இன்றும் பலமானதுதான்.

நான் இப்போது படிப்பிப்பது தீவகத்தில், சுருவிலில். சொல்வதெழுதல் கொப்பிகளைத் திருத்தும்போது ஒரே பிழை ஊர்வலமாக வரும்: பளம், மளை, வாளை. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. பிள்ளை காதால் கேட்டதை நேர்மையாக எழுதுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதாது. லகரமும் ளகரமும் அதற்கு இரண்டு ஒலி. மேல் மாகாணத்தில் சிங்கள மொழிமூலம் படிக்கிற என் மருமகன், பெருநாளைக்கு எனக்கு அனுப்பிய தமிழ்க் கடிதத்தில் 'வெல்லிக்கிலமை பல்லிக்குப் போனேன்' என்று எழுதியிருந்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிதத்தைப் பத்திரப்படுத்திக் கொண்டேன். சிங்கள எழுத்தில் இரண்டு லகரம், இரண்டு நகரம் உண்டு. பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. சிங்களம் தாய்மொழியான பிள்ளைகளே எந்த 'ல', எந்த 'ந' என்று மனப்பாடம் செய்துதான் எழுதுகிறார்கள். என் மருமகனின் தாய்மொழி தமிழ் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லுவோம். அவனுடைய காதோ பாடசாலைச் சிங்களத்தில் பழகிய காது. 'பளம்' என்றால் பிள்ளை தமிழ்ப் பேச்சுக்குள் நின்று இடறுகிறது. 'பல்லி' என்றால் வெளியில் இருந்து உள்ளே வருகிறது.

இந்த வேறுபாடுதான் முக்கியம். தாய்மொழிக்காரரும் விடுகிற பிழையில் இருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ரகர றகர மயக்கம் கன்னியாகுமரியில் இருந்து காங்கேசன்துறை வரை உள்ளது. தாய்மொழிக்காரர் ஒருபோதும் விடாத பிழைதான் பேசும்.

சில வேளை பிழையே இல்லாத எழுத்தும் பேசும். 'ரொறன்ரோ' என்று ஒருவர் எழுதினால் அவர் யாழ்ப்பாணத்து எழுத்து மரபில் வளர்ந்தவர். 'டொரன்டோ' என்றால் அநேகமாக மற்றக் கரை. ஆங்கிலத்து 'ட' ஒலி நாக்கு நுனி பல்முரசில் படும் ஒலி. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது 'வெற்றி', 'காற்று' என்பவற்றில் வரும் ற்ற-வுக்குக் கிட்டக் கேட்டது. தமிழ்நாட்டாருக்கு 'பட்டு'வில் வரும் ட்ட-வுக்குக் கிட்டக் கேட்டது. அதனால் இங்கே பற்றரி, அங்கே பேட்டரி. இருவருக்கும் ஒரே தாய்மொழி, காது மட்டும் வேறு.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லத் தேவையில்லை. அறபில் வல்லின 'ப' இல்லை, மெல்லொலி 'ba' மட்டும்தான் உண்டு என்று தமிழெழுத்தில் எழுதப் போனால் நானே மாட்டிக்கொள்வேன். நம்மிடமும் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். பெப்சியை அறபியில் எழுதும்போது 'பாஉ' எழுத்துத்தான் விழும். 'பார்க்கிங்' என்ற ஆங்கிலப் பலகையைக் குரைக்கும் பலகையாக எழுதிய கதையை அங்கு போய் வந்த எவரும் சொல்வார்கள். தமிழரும் ஆங்கிலத்தில் இதே இரண்டு எழுத்தையும் மாற்றுவார்கள், ஆனால் வேறு மாதிரி. அறபி எந்த இடத்திலும் மெல்லொலிப் பக்கமே சாய்வான். தமிழன் இடம் பார்த்துச் சாய்வான்: சொல்லின் முதலில் வன்மையாக, 'ம்' என்ற மெல்லினத்துக்குப் பின்னால் மென்மையாக. 'கம்பெனி'யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விளங்கும். பிழை பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதன் ஒழுங்கைப் பார்த்தால்தான் யாருடையது என்று பிடிபடும்.

இனி றமழானுக்கு வருவோம். இந்தச் சொல்லில் உள்ள முடிச்சு 'ளாத்' என்ற அறபு எழுத்து. அறபியரே தம் மொழியை 'ளாத் மொழி' என்று பெருமையாகச் சொல்லுவார்கள், அந்த ஒலி பிறருக்கு வராது என்பதால். அந்த எழுத்து நம் மார்க்கச் சொற்களில் எங்கே வந்தாலும் தமிழ் முஸ்லிம்கள் ள, ழ, ல என்ற மூன்றில் ஒன்றையே போட்டிருக்கிறார்கள். பர்ளு, பர்ழ். ஒளு, வுழூ. காழி. ரமளான், ரமழான். அறபுத் தமிழ் எழுத்தை வகுத்தவர்களும் அதையே செய்தார்கள். அறபில் இல்லாத தமிழ் ஒலிக்கு எழுத்துத் தேடி, ளாத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள். இரண்டு திசையிலும் அதே பொருத்தம். அவர்கள் காதுக்கு ளாத்துக்கு மிகக் கிட்ட இருந்த தமிழ் ஒலி, நாக்கை வளைத்து ஓரத்தால் காற்று விடுகிற ஒலி.

இன்றைய அறபு ஆசிரியரிடம் கேட்டால், ளாத் என்பது அழுத்திச் சொல்லும் 'த' போன்ற ஒலி என்பார். எகிப்து, சிரியாப் பக்க உச்சரிப்பு அதுதான். ஐரோப்பியர் அதைக் கேட்டு எழுதிய ஆங்கில வடிவில் இருந்துதான் இப்போதைய 'ரமதான்' நம்மிடம் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் நம் ளகர ழகரம் வெறும் தமிழ் நாக்கின் கோளாறா?

இல்லை. அறபு இலக்கணத்தின் முதல் பெரும் நூலைத் தந்த சீபவைஹி, 8ஆம் நூற்றாண்டில், ளாத் பிறக்கும் இடத்தை எழுதி வைத்திருக்கிறார்: நாக்கின் பக்கமும் அதை அடுத்த கடைவாய்ப் பற்களும். பக்கத்தால் பிறக்கும் ஒலி என்றால் லகரக் குடும்பத்து ஒலி. தஜ்வீத் படித்த பிள்ளைகள் ளாத்தின் மக்ரஜை இன்றும் அப்படித்தான் ஒப்பிப்பார்கள். சாட்சி அதோடு நிற்கவில்லை. மலாய் மொழியில் 'றிளா' என்ற அறபுச்சொல் 'ரெலா' ஆனது. 'பர்ளு' அங்கே 'பெர்லு', தேவை என்ற பொருளில். 'ளுஹர்' அங்கே 'லொஹோர்'. மறு கோடியில் ஸ்பெயினில், 'அல்காளீ' என்பது 'அல்கால்தே' ஆகி இன்றும் நகரத் தலைவரைக் குறிக்கிறது. அந்த 'ல்' எங்கிருந்து வந்தது? அறபில் அந்த இடத்தில் ளாத் மட்டுமே இருக்கிறது. கிராமத்தைக் குறிக்கும் 'அல்தேயா'வும் அதே கதை. காயல்பட்டினத்து லெப்பையும் ஜாவாக் கரை மாலுமியும் அந்தலூசியாவின் ஸ்பானியக் குடியானவனும் கூடிப் பேசி இந்த லகரத்தை முடிவு செய்யவில்லை. மூவரும் தாம் கேட்ட அறபியரின் வாயில் பக்க ஒலி ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். தென் அறேபியாவின் சில பேச்சுவழக்குகளில் அப்படியான ளாத் மிகப் பிந்திய காலம் வரை இருந்ததை அறபு மொழி ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். தமிழ்க் கரைக்கும் ஈழக் கரைக்கும் கப்பல் வந்த திசையும் அதுதான்.

'ளுஹர்' என்பதில் உள்ள எழுத்து ளாத் அல்ல, 'ளா' என்று நாம் சொல்லும் வேறோர் எழுத்து. 'ஹாபிழ்' என்பதிலும் அதே எழுத்து. ஆனாலும் நம்மவர் இரண்டுக்கும் ஒரே ளகர ழகரத்தைப் போட்டார்கள். அதே கலப்பு மலாயிலும் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அறபுப் பேச்சிலேயே இந்த இரண்டு ஒலியும் ஒன்றாகக் கலந்து போனது தெரிந்த செய்தி. தமிழ்ச் சொல்லுக்கு ளகரம் முதலில் வராது என்பது நம் இலக்கணம். அந்த விதியையும் தாண்டி ளகரத்தைச் சொல்லின் தலையில் வைத்திருக்கிறார்கள் என்றால், தமக்குக் கேட்ட ஒலியை எவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதே ளாத் தமிழுக்குள் இன்னொரு வாசலாலும் வந்தது. 'ராஜினாமா' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதன் முதற்பாதி அறபு 'றாளீ', இசைந்தவர் என்று பொருள். நீதிமன்றத்தில் 'ஆஜர்' ஆகிறார்கள்; அது அறபு 'ஹாளிர்'. தமிழ்நாட்டில் கடன்காரன் வீட்டை 'ஜப்தி' செய்கிறார்கள், அது 'ளப்த்'. முன்பு மாவட்டத்துக்கு அங்கே 'ஜில்லா' என்றார்கள், அது 'ளில்உ'. பாரசீகருக்கு ளாத் வராது. அவர்கள் வாயில் அது 'ஸ'வின் மெல்லொலி ஆனது. முகலாயர், ஆற்காட்டு நவாபுகள் காலத்துப் பாரசீக நிர்வாகம் அதைத் தெற்கே கொண்டு வந்தது. தமிழ் அந்த ஒலிக்கு 'ஜ' எழுத்தைக் கொடுத்தது. 'ரம்ஜான்' என்பதும் இந்த வாசலால் வந்ததே, உருதுக்காரர் கொடுத்தது. ஒரே எழுத்து பள்ளிவாசலில் ள, கச்சேரியில் ஜ. முதலாவது கடல் வழியாக அறபியரிடம் இருந்து நேரே வந்தது. இரண்டாவது தரை வழியாகப் பாரசீகர் கை மாறி வந்தது. எந்தச் சாசனமும் செப்பேடும் இல்லாமல், எழுத்துக்கூட்டல் மட்டுமே இதைச் சொல்லிவிடுகிறது.

இலங்கையில் ஒரு வேடிக்கை உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் உள்ள நீதிபதியைத் தமிழில் சிலர் காதி என்கிறோம், சிலர் காழி என்கிறோம். தமிழ்நாட்டில் அவர் காஜி. நம் நாட்டு ஆங்கிலச் சட்டத்தில் அவர் பெயரின் நடுவே நிற்பது பாரசீகர் கொடுத்த ஒலிக்கான எழுத்து. ஒரே பதவியில் மூன்று பாதை.

ஓதலில் மக்ரஜ் பிசகலாம் என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குர்ஆன் ஓதுவது ஒரு துறை. அதற்கு ஆசிரியரின் வாயும் மாணவனின் காதும் உண்டு. தமிழில் ஒரு சொல்லை எப்படி எழுதுகிறோம் என்பது வேறு துறை. தமிழெழுத்தால் ளாத்தை எந்த வடிவிலும் பிடிக்க முடியாது. 'த' போட்டாலும் பிடிபடாது.

ளாத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததால் மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். 'துஆ' என்று இலங்கையில் எழுதுகிறோம், தமிழ்நாட்டில் பலர் 'துவா' என்கிறார்கள். தமிழில் இரண்டு உயிர் நேரே மோதாது. நடுவில் ய் அல்லது வ் வந்து உடம்படும். 'துவா' எழுதியவர் தமிழ் இலக்கணத்தைத் தன் அறியாமலே காப்பாற்றியிருக்கிறார். 'துஆ' எழுதியவர் அறபின் 'ஐன்' எழுத்துக்கு மரியாதை கொடுத்து ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறார். ஜமாத், ஜமாஅத் என்பதும் அப்படித்தான். நம் மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் தன் பெயரிலேயே அந்த ஐனுக்கு ஆய்தத்தை வைத்துக்கொண்டார். அதே ஆய்தத்தைத் தமிழ்நாட்டில் 'ஃபாத்திமா' என்று வேறொரு ஒலிக்கு வைக்கிறார்கள். 'மொஹமட்' என்று தமிழில் எழுதினால் அந்தப் பெயர் அறபில் இருந்து வரவில்லை. ஆங்கிலப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இருந்து வந்திருக்கிறது. அறபு 'தால்' தமிழில் 'ட' ஆக வழியில்லை, ஆங்கில எழுத்து நடுவில் நின்றால் ஒழிய. உமறுப் புலவரின் காப்பியப் பெயரிலேயே 'சீறா' என்று றகரம் நிற்கிறது. அவரை ஆதரித்த வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர், தமிழ் வாயில் உருண்டு உருண்டு சீதக்காதி ஆனார். அந்தப் பெயரை யாராவது 'திருத்தி'ப் பார்க்கட்டும்!

காதின் பிழையைப் பற்றியே இதுவரை பேசினேன். கண்ணின் பிழை என்று ஒன்று உண்டு; அதை இதோடு குழப்பக் கூடாது. பஸ் ஆசனத்தின் மேல் 'கர்ப்பிணித் தாய்மார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று விழுந்த கதை இந்த நாடு முழுக்கத் தெரியும். சிங்களம் பேசுகிறவருக்கு த, ந இரண்டும் நன்றாக வரும். காது அங்கே இடறவே இல்லை. தகரமும் நகரமும் பார்வைக்குக் கிட்டக் கிட்ட இருக்கின்றன, எழுதியவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுதியதை வாசித்துப் பார்க்க ஒரு தமிழரை யாரும் கூப்பிடவில்லை. 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆன நாட்டில் இது. இந்தப் பிழை தாய்மொழியைக் காட்டவில்லை, அலட்சியத்தைக் காட்டுகிறது. என் மருமகனின் பல்லியை நான் அன்போடு வைத்திருக்கிறேன். இந்த நாய்மாரை அப்படி வைத்திருக்க முடியாது.

இப்போது இந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2005 இல் மோஷே கொப்பலும் கூட்டாளிகளும் ஐந்து நாட்டு மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்து, எழுத்துப்பிழை உட்படப் பல தடயங்களை வைத்து, எழுதியவரின் தாய்மொழியை ஊகிக்கச் செய்தார்கள். நூற்றுக்கு 80 அளவில் சரியாக வந்தது. 2013 இல் 11 மொழிகளை வைத்து ஒரு போட்டி நடந்தது; அறபும் தெலுங்கும் ஹிந்தியும் அதில் இருந்தன, தமிழ் இல்லை. அங்கே கணினி அதிகம் தடுமாறியது ஹிந்திக்காரரையும் தெலுங்கரையும் பிரிப்பதில். இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பம். ஆனால் இருவரும் ஆங்கிலம் படித்தது ஒரே நாட்டில், ஒரே மாதிரியான பாடசாலை ஆங்கிலம். 'பல்லி' எழுதிய பையனின் கதைதான் இதுவும். எழுத்து, தாயின் மொழியை மட்டும் காட்டுவதில்லை. படித்த இடத்தையும் சேர்த்தே காட்டுகிறது.

இதெல்லாம் வகுப்பறையோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் நான் எழுத வேண்டியதில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் தெருவில் மறித்தவர்கள் 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள் என்பதை அந்த நாட்களைக் கடந்தவர்கள் சொல்லுவார்கள். சிங்களத்தில் அது வாளி. முதலெழுத்து மெல்லொலி, தமிழ்ச் சொல்லின் முதலில் அந்த ஒலி வராது. தமிழ் நாக்கு அங்கே வன்மையாக்கிவிடும், அல்லது வகரமாக்கிவிடும். அந்த ஒரு எழுத்தில் ஒருவரின் உயிர் தொங்கியது. அந்தச் சொல்லே சிங்களச் சொல் அல்ல, போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்பது மறித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. தமிழ் பேசும் முஸ்லிமின் நாக்கும் அதே நாக்குத்தான். ஏழு வருடம் கழித்து, 1990 ஒக்ரோபரில், வடக்கில் இருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எந்தச் சொல்லையும் சொல்லிப் பார்க்கச் சொல்லவில்லை. பேச்சில் வேறுபாடு பிடிக்க முடியாத மக்களை, வேறு அடையாளத்தைக் கொண்டு பிரித்தார்கள். ஒரே தாய்மொழி என்ற சாட்சி அன்று ஒருவரையும் காப்பாற்றவில்லை.

அகதி விண்ணப்பங்களில் பல நாட்டு அரசுகள் இன்று இதைப் பயன்படுத்துகின்றன. விண்ணப்பித்தவரின் பேச்சைப் பதிந்து, இவர் தாம் சொல்லும் ஊர்க்காரர்தானா என்று ஆய்வாளரிடம் கேட்கிறார்கள். 2004 இல் மொழியியலாளர் குழு ஒன்று இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. ஒருவர் எந்தச் சமூகத்தில் பேசிப் பழகினார் என்பதை மொழி காட்டலாம், எந்த நாட்டுப் பிரசை என்பதைக் காட்டாது என்பது அதன் நிலைப்பாடு. 2014 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இரண்டு சோமாலியரின் வழக்கில் இதே விஷயத்தை எடுத்தது. மொழி ஆய்வு அறிக்கைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று ஆராய்ந்து, ஆய்வாளர்கள் தம் அறிவெல்லைக்கு வெளியே போய்க் கருத்துச் சொல்லியிருந்ததைக் குறை கண்டது.

நமக்குள்ளும் இதே மயக்கம் பழையது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஆற்றிய உரையில், அவர்கள் பேசும் தமிழையும் ஒரு சான்றாக வைத்து, அவர்கள் இனத்தால் தமிழர் என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலாகவே மறுப்பு எழுதினார். அரசியல் காரணங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. அவை இங்கே வேண்டாம். மொழிச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதே என் கேள்வி. 'பர்ளு', 'ஒளு', 'சீதக்காதி' என்ற வடிவங்கள், இவற்றைச் சொன்ன வாய் தமிழ் வாய் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுகின்றன. அதே ளகரம், அந்த வாய் அறபியரின் வாயை நேரே பார்த்துக் கற்றது என்பதையும் காட்டுகிறது. பாட்டனின் பாட்டன் யார் என்பதை எந்த எழுத்தும் காட்டாது. இரண்டு கட்சியும் இந்த இடத்தில் மொழியிடம் கேட்கக் கூடாததைக் கேட்டன.

ஊர்ப்பெயர்ச் சண்டையும் அப்படித்தான். கொக்குவில், இணுவில், உடுவில், சுருவில் என்பவற்றின் 'வில்' சிங்களத்து 'வில'வா, நீர்நிலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லா என்று பட்டிமன்றம் நடக்கிறது. அதைக் கேட்கிறவர்களுக்குச் சொல்லின் பிறப்பில் அக்கறை கொஞ்சம், காணியின் உறுதியில் அக்கறை அதிகம். பக்கத்து நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பும், யானை குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்ற ஒழுங்கும் அதில் உண்டு. பொலனறுவையில் இருந்து ஆண்ட அரசனின் ஆணை, மொழி தமிழ். அரசன் வீட்டில் என்ன பேசினான் என்பதற்கு அது சான்றல்ல. அந்தத் துறையில் வாசிக்கிறவர்கள் எதை வாசித்தார்கள் என்பதற்குச் சான்று.

கடைசியாகப் பதிப்பாசிரியர்களிடம் ஒரு முறைப்பாடு. 19ஆம் நூற்றாண்டின் இஸ்லாமியத் தமிழ் நூல்களை மறுபதிப்புச் செய்யும்போது, முன்னுரையில் ஒரு வரி எழுதிவிட்டு அறபுச் சொற்களை எல்லாம் இன்றைய வழக்குக்கு 'ஒழுங்குபடுத்தி' விடுகிறார்கள். மாற்றிய பட்டியலைக்கூடப் பின்னிணைப்பில் தருவதில்லை. எந்த ஊர்ப் புலவர் எந்த எழுத்தைப் போட்டார் என்பது அதோடு போயிற்று. நாகூர் வடிவம், காயல் வடிவம், காத்தான்குடி வடிவம் எல்லாம் ஒரே கணினி எழுத்தில் ஒரே முகமாகிவிடுகின்றன.

இந்தத் தீவிலேயே, கரம்பனில், 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். போர்த்துக்கல்லில் 1554 இல் அச்சான தமிழ் வேதப் புத்தகத்தைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முதன்மையானவர். அந்தப் புத்தகத்தில் தமிழ் முழுக்க உரோமன் எழுத்தில் இருக்கிறது. போர்த்துக்கேய எழுத்துக்கூட்டலை வைத்துத் தமிழர் சிலர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியது. தமிழெழுத்து மறைத்துவிடுகிற வன்மை மென்மை வேறுபாட்டை அந்த அந்நிய எழுத்து காட்டிக்கொடுக்கிறது. 16ஆம் நூற்றாண்டுக் கரையோரத் தமிழ்ப் பேச்சை இன்று காதில் விழுத்த முடிவது அதனால்தான். யாராவது அதை 'நல்ல தமிழில்' திருத்திப் போட்டிருந்தால் நமக்கு ஒரு மந்திரப் புத்தகம் கிடைத்திருக்கும், அந்தப் பேச்சு கிடைத்திருக்காது. அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்த அந்தாம் த புரோஎன்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் போர்த்துக்கேய அகராதி 1966 இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. நம் அறபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகள் வீட்டு அலுமாரிகளில், பள்ளிவாசல் பெட்டகங்களில், கறையான் வாயில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கப் போகிறவர் ஒருவராவது ளாத்துக்குக் கீழே உள்ள புள்ளியை இருந்த இடத்திலேயே விட்டுப் படியெடுக்கட்டும்.